அடி பார்க்காத காளான்

காப்புக் கட்டியவள் புற்றில் கை விடக் கூடாது. இது மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் தண்டவாளத்து ஓரத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். காளான் பறிக்கிறவள் புற்றில் கை விடாமல் வீடு திரும்பக் கூடாது. இது சத்யபாமாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே காலையில் வந்து முட்டிக்கொள்ளும் என்று எவரும் யோசித்து வைக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பலகையில் யாங்கோன் என்று எழுதியிருந்தாலும் இந்தச் சனங்களின் வாயில் அது ரங்கூன்தான். ரங்கூனில் தண்ணீர்த் திருவிழா முடிந்து, வெயில் மண்டையைப் பிளந்து, கரண்டும் இல்லாமல் விசிறியும் ஓடாமல் ஊரே நாக்குத் தள்ளிக் கிடக்கும்போது முதல் மழை வரும். அந்த மழைக்கு மறுநாள் கரையான் புற்றைச் சுற்றிக் காளான் கிளம்பும். பர்மியர் அதைத் தாம்போ மோ என்பார்கள். சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், அவசரமாகப் போகிறவனும் நின்று கூடைக்குள் எட்டிப் பார்ப்பான். கோழிக்கறி வாங்க வக்கில்லாமல் போன இந்தக் காலத்தில், ஒரு கிண்ணம் புற்றுக்காளான் கிடைத்தால் அந்த வீட்டில் அன்றைக்குக் கறிச்சோறுதான்.

சத்யபாமா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து முதல் மழைக்குக் கூடை தூக்குகிறவள். ஊரைச் சுற்றிவரும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த, கரேன் இனத்துக்காரி ஒருத்தி சொல்லிக்கொடுத்த வேலை. காம்பை ஒடிக்கக் கூடாது. காம்பை ஒட்டியே விரலை மண்ணுக்குள் விட்டு, வேர் எங்கே போகிறது என்று தடவிக்கொண்டே போகவேண்டும். நல்ல காளானுக்கு எலிவால் மாதிரி நீளமாக ஒரு வேர், புற்றின் வயிற்றுக்குள் இறங்கும். சில நேரம் முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் போய்விடும். கெட்டதற்கு அந்த வேர் இருக்காது. அடியில் உருண்டையாக ஒரு குமிழ், அதைச் சுற்றிப் பிய்ந்துபோன உறை. அதைக் கண்டால் காலால் எத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும். குடையை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மழையில் நனைந்த மொட்டெல்லாம் ஒரே ஜாடைதான்.

தெருவில் இதற்கு மேல் இன்னொரு வழக்கமும் உண்டு. கூடை சந்தைக்கு இறங்குவதற்கு முன்னால் பறித்தவள் அதில் ஒரு பிடி சமைத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு, வீட்டு வேலை இரண்டு மூன்று பார்த்து, வயிறு சும்மா இருந்தால் கூடையைத் தூக்கலாம். சந்தையில் வாங்குகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள், "நீ சாப்பிட்டாச்சா?" என்று. விலைகூட அப்புறம்தான்.

இந்த வருஷம் முதல் மழை வந்தபோது அவள் கையில் மஞ்சள் காப்பு இருந்தது. தெருமுனை மாரியம்மனுக்கு வைகாசித் திருவிழா. காப்புக் கட்டினால் பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகு ஒருவேளைச் சோறு. பகலில் பச்சைத் தண்ணீர் மட்டும். சும்மா வழக்கத்துக்காக அவள் கட்டிக்கொள்ளவில்லை. ஒரே பிள்ளை மோகன், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த கையோடு தாய்லாந்து எல்லையைத் தாண்டிப் போய்விட்டான். தீபாவளிக்குப் பேசினான். பொங்கலுக்குப் பேசவில்லை. அதற்கப்புறம் அவன் நம்பருக்குப் போட்டால் மணியே அடிப்பதில்லை. கோயிலில் காப்பை வாங்கிக் கட்டும்போது சத்யபாமா வாய்விட்டே கேட்டாள்: "அவன் குரல் ஒரு தரம் என் காதுல விழணும் தாயே. வேற ஒண்ணும் உங்கிட்ட கேக்கமாட்டேன்."

ராத்திரி முழுக்கத் தகரத்தில் மழை கொட்டியது. விடிவதற்குள் அவள் கூடையை எடுத்துவிட்டாள். புருஷன் தேவராஜ் பாயில் எழுந்து உட்கார்ந்தான். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவன். வேலைநிறுத்தத்தில் சேர்ந்து வேலையும் போய், லைன் வீடும் போய், இப்போது கிடைத்த கூலிக்கு மூட்டை தூக்குகிறான். எத்தனை போனாலும் அவன் வாய் மட்டும் போகவில்லை.

"காப்பக் கட்டிக்கிட்டு எங்க பாமா கெளம்பிட்ட?"

"எங்க போவாங்க, மழ பேஞ்சிருக்கு."

"புத்துல கை விடக் கூடாதுல்ல நீ?"

"விடல. மண்ணுக்கு மேல ஒடிச்சுக்கிறேன். பழகின புத்துதானே. வருஷா வருஷம் அங்கதான் மொளைக்குது."

"நான் வேணா கூட வரேன். நான் கை விட்டுப் பாக்குறேன்."

"ரயிலடியில பட்டாளத்தான் செக் பண்ணிக்கிட்டு நிக்கிறான். ஆம்பளைங்களத்தான் எறக்கி விசாரிக்கிறான். நீங்க வந்து, உங்கள எங்கயாவது கூட்டிட்டுப் போயிட்டா நான் யார்கிட்டப் போயி நிப்பேன்? பேசாம படுங்க."

அவன் படுக்கவில்லை. அவளுக்குச் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தான். குடித்துவிட்டுப் போனாள்.

ரயிலில் மிங்கலாடோன் தாண்டி ஒரு சின்ன நிறுத்தத்தில் இறங்கி, சேறு கணுக்கால் வரை ஏற நடந்தால் பழைய தோட்டம் ஒன்று வரும். அதன் ஓரத்தில் ஆள் உயரப் புற்று. யாரோ எப்போதோ மஞ்சள் துணி சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். சத்யபாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். புற்றைச் சுற்றி வெள்ளையாக, சாம்பலாக, மொட்டும் விரிந்ததுமாகக் கிடந்தது. கை தன்னால் காம்பை ஒட்டி மண்ணுக்குள் போகப் பார்த்தது. காப்பைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டாள். பிள்ளைக்காகக் கட்டிய காப்பு, அம்மன் வயிற்றில் கை விட்டு அதைக் கெடுத்துக்கொள்வாளா? மண்ணுக்கு மேலே நறுக் நறுக்கென்று ஒடித்துக் கூடையில் போட்டாள்.

கூடை நிறையவில்லை. புற்றுக்குக் கொஞ்சம் தள்ளி மரத்தடியில் சருகைத் தள்ளிக்கொண்டு இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதே வெள்ளை, அதே மொட்டு. புற்றின் வேர் இங்கேயும் ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அங்கே புற்று இல்லை, கை விட்டுப் பார்த்திருக்கலாம். ஒடித்து ஒடித்துப் பழகிவிட்ட கை, அங்கேயும் ஒடித்தது. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும்தான் அடுத்த சிக்கல். யார் சாப்பிடுவது?

"பறிச்சவதான் திங்கணும்," என்றாள். "நான் விளக்கு வச்சப்புறம்தான் தண்ணி தவிர எதையும் வாயில வைக்கலாம். அதுவரைக்கும் கூடைய வச்சிருந்தா அழுகிப் போயிடும்."

"புருஷன் தின்னா பொண்டாட்டி தின்ன மாதிரிதான்," என்றான் தேவராஜ். "ஒரு வாரமா விரதச் சோறு, ஙாப்பிக் கருவாட்டு வாசன கூட இல்லாம நாக்கு செத்துப் போச்சு. கொண்டா இப்படி."

அவனே சின்ன வெங்காயம் உரித்தான். மஞ்சள், மிளகாய், கொஞ்சம் எண்ணெய். காளான் வதங்கும்போது வீடே மணத்தது. பழைய சோற்றில் போட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். புருஷன் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று மனசு நிறைந்துதான் இருந்தது.

"என்ன, வயிறு எதாவது செய்யுதா?" துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்து கேட்டாள்.

"செய்யுது. இன்னும் ஒரு வாய் குடுங்குது."

"வெளையாடாதீங்க."

"ஒண்ணுமில்ல பாமா. நல்ல காளான். போயி வித்துட்டு வா."

அவள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு பிடி காளானைப் பச்சையாகவே எடுத்துச் சட்டியில் மூடி வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். சந்தை வாசலில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கூடை காலி. பக்கத்து வீட்டு ஹுஸ்னா ஒரு கிண்ணம் வாங்கினாள். அடுத்த சந்தில் இருக்கும் டோ ஏ சீ என்ற பர்மியக் கிழவி ஒரு கிண்ணம். பாக்கி மொத்தத்தையும் பச்சைத் தமெயின் கட்டிய ஒரு பெண் வாங்கினாள். பச்சைப் பாவாடை என்றால் பள்ளிக்கூடத்து டீச்சராக, ஸயாமாவாக இருக்கும். முன்னே பின்னே பார்த்த முகமில்லை. "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவளும் பர்மியப் பேச்சில் கேட்டாள்.

"வீட்டுல சாப்பிட்டாச்சு," என்றாள் சத்யபாமா. பொய் இல்லை.

சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது தேவராஜ் கொல்லைப் பக்கம் போனான். வந்தான். திரும்பப் போனான். மூன்றாம் தரம் வாசற்படியிலேயே குனிந்து வாந்தி எடுத்தான்.

"டீக்கடையில பலகாரம் தின்னேன். அதான் போலருக்கு."

"எப்பத் தின்னீங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. சத்யபாமா அவன் முதுகைத் தடவிக்கொண்டே சட்டியைப் பார்த்தாள். எழுந்து போய் மூடியைத் திறந்தாள். காலையில் மொட்டாக இருந்தது இப்போது நன்றாக விரிந்திருந்தது. நாலைந்தில் குடைக்குக் கீழே, காம்பைச் சுற்றி, கிழிந்த பாவாடை மாதிரி மெல்லிசாக ஒரு தோல் தொங்கியது. புற்றுக்காளானுக்கு அது கிடையாது. காலையில் மொட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறைந்திருக்கிறது. அடியைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அடி தோட்டத்து மண்ணில் கிடக்கிறது.

 பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தேவராஜ் சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்தான். பாயிண்ட்ஸ்மேன் மூளை, சட்டென்று விளங்கிக்கொண்டது.

"காளானா?"

"ஆமாங்க."

"யார் யாருக்கு வித்த?"

"மூணு பேரு."

"எல்லாரும் அடுப்பு பத்த வைக்கிற நேரம் பாமா. நீ இங்க நின்னுக்கிட்டு இருக்கியே. ஓடு."

"உங்கள இப்படிப் போட்டுட்டா?"

"நான் எங்கயும் போயிடமாட்டேன். காஜாவக் கூப்பிடு, அவன் பாத்துக்குவான். போங்கிறேன்ல."

காஜா மைதீன், ஹுஸ்னாவின் புருஷன். சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவன். கேள்வி கேட்காமல் தேவராஜைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான். "ஆசுபத்திரிக்குத்தானே? நீங்க போற வேலையப் பாருங்கக்கா. அண்ணன நான் விடமாட்டேன்," என்றான். சைக்கா சந்து திரும்பும் வரைக்கும்கூட நிற்காமல் அவள் அடுத்த வீட்டுக்குள் புகுந்தாள்.

ஹுஸ்னா அரிந்து வைத்திருந்தாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சத்யபாமா முறத்தோடு பிடுங்கினாள்.

"என்னக்கா இது?"

"வெஷம் ஹுஸ்னா. அவரு தின்னுட்டாரு. கையக் கழுவு. கத்திய வெளிய எறி."

ஹுஸ்னா வாயில் கை வைத்து, அல்லா என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் கூடவே வந்தாள். டோ ஏ சீ வீட்டில் கரண்ட் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கிழவி குழம்பை இறக்கி வைத்துவிட்டு, சாமிக்குப் படைக்க ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சாப்பிட உட்கார்ந்திருப்பாள். சட்டியோடு சாக்கடையில் கவிழ்த்தார்கள். கிழவி கோபிக்கவில்லை. சத்யபாமா கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வீட்டுக்காரருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பச்சைத் தமெயின் பெண்ணைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தை வாசலில் மீன்காரியைக் கேட்டார்கள், பூக்காரியைக் கேட்டார்கள், பஸ் நிறுத்தத்தில் வெற்றிலைக் கடைக்காரனைக் கேட்டார்கள். பச்சைப் பாவாடை கட்டியவர்கள் இந்த ஊரில் ஒருத்தியா இரண்டு பேரா. மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. கடைகள் இழுத்துச் சாத்தும்வரை சத்யபாமா ஒவ்வொரு குடைக்கு அடியிலும் குனிந்து முகத்தைப் பார்த்தாள்.

"வாக்கா. அண்ணன் அங்க தேடிக்கிட்டு இருப்பாரு," என்று ஹுஸ்னாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆசுபத்திரி வாசலில் அவர்கள் தெருவைச் சேர்ந்த பெண் ஒருத்தி எதிரே வந்தாள். யாரையோ பார்த்துவிட்டுத் திரும்புகிறவள். சத்யபாமா கையைப் பார்த்ததும் நின்றாள். "காப்போட உள்ள போகாதீங்க. சாவும் பொறப்பும் நடக்குற எடம், தீட்டு."

"எம் புருஷன் உள்ள இருக்காரு," என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

தேவராஜுக்கு இரண்டு கையிலும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் காலையில் வாந்தி நின்றது. பேதியும் நின்றது. எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவ வேண்டும் என்றான். ஹுஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க அம்மன் காப்பாத்திட்டாக்கா," என்றாள். காஜா மைதீன் அப்போதுதான் முதன்முதலாகக் கீழே போய் டீ குடித்தான்.

சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி, பர்மியப் பெண், சத்யபாமாவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். சத்யபாமா சட்டியிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்த காளானை டாக்டரம்மா நேற்றே வாங்கிப் பார்த்திருந்தாள். மெதுவாக, பர்மியப் பேச்சில் சொன்னாள்.

"அம்மா, இன்னைக்கு அவரு நல்லா இருப்பாரு. பேசுவாரு, சாப்பாடு கேப்பாரு. அத நம்பிடாதீங்க. இந்தக் காளான் அப்படித்தான் செய்யும். உள்ள ஈரல் கெட்டுக்கிட்டே வருது."

"மருந்து?"

"எங்களால ஆனது எல்லாம் குடுக்குறோம். இதுக்கு மேல குடுக்க எங்ககிட்ட எதுவும் இல்ல."

"எத்தன நாளு?"

 "கூடவே இருங்க. கேக்குறதக் குடுங்க," என்றாள் டாக்டரம்மா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. சத்யபாமா அவளிடம் பச்சைத் தமெயின் கட்டிய யாராவது காளான் தின்று வந்தார்களா என்று கேட்டாள். இங்கே வரவில்லை என்றாள். வேறு ஆசுபத்திரிக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம்.

 அழுதால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சத்யபாமா அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்ன சொல்றா அந்தப் பொண்ணு?" என்றான் தேவராஜ்.

"தேறிட்டீங்களாம். ரெண்டு நாள் இருந்துட்டுப் போவச் சொல்றா."

"ரெண்டு நாளா? இங்க கொசு தூக்கிட்டுப் போயிடும்." அவன் சிரித்தான். "நீ எதுக்கு மொகத்த இப்படி வச்சிருக்க? உன் கையால பறிச்ச வெஷத்தத் தின்னே பொழச்சவன் நான், இனிமே எமன் எங்கிட்ட வரமாட்டான்."

அப்போதுதான் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள்.

"அம்மா."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, நான் மோகன். கேக்குதா? போன் தொலஞ்சு போச்சும்மா. இங்க வேல மாத்தி வேற ஊருக்கு வந்துட்டோம். இது கூட்டாளி போனு. நான் நல்லா இருக்கேன். அப்பா எங்க?"

மோகனின் தமிழ் எப்போதும் பர்மிய ராகத்தில்தான் இருக்கும். தெருவில் எல்லோரும் கேலி செய்வார்கள். சத்யபாமா அந்த ராகத்தை ஒரு சொட்டு விடாமல் கேட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன் என்று எதற்காகச் சொன்னோம் என்று நினைத்தாள். அம்மன் காதில் விழாமல் போயிருக்கக் கூடாதா அந்த ஒரு வார்த்தை.

"இந்தா, அப்பாகிட்டப் பேசு," என்று போனை நீட்டினாள்.

தேவராஜ் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "டேய் ராசா. எங்கடா போயித் தொலஞ்ச? ... எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். வயித்தால போச்சு, அவ்வளவுதான். உங்கம்மா காளான்னு ஒண்ணப் பறிச்சாந்து தின்னு பாருன்னா. ஆமாடா, ஆசுபத்திரிலதான். நாளன்னைக்கு வீட்டுக்குப் போயிடுவோம். நீ அங்கேயே இரு. இந்தப் பக்கம் தல காட்டாத. எல்லாம் சரியாவட்டும், வா, நாம ரெண்டு பேரும் போயி அந்தப் புத்துல கை விடுவோம். உங்கம்மாவ நம்பி இனிமே பிரயோஜனமில்ல."

அந்தப் பக்கம் மோகன் சிரிப்பது கட்டிலுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. தேவராஜும் சிரித்தான். ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் லேசாக மஞ்சள் ஓடியிருந்ததை சத்யபாமா பார்த்தாள். ஹுஸ்னாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவ வேண்டும் என்று எழுந்து வெளியே போனாள்.

போன் திரும்ப அவள் கைக்கு வந்தது. "அம்மா, அப்பாவுக்கு ஒண்ணுமில்லல்ல?" என்றான் மோகன்.

உண்மையைச் சொன்னால் அவன் கிளம்பிவிடுவான். எல்லை தாண்டினால் வழியிலேயே பிடித்துப் பட்டாளத்தில் தள்ளுவார்கள். வந்து சேர்ந்தாலும் அப்பாவைப் பார்க்கும் வரைக்கும் அப்பா இருக்க வேண்டுமே. புருஷனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றுகொண்டு அவள் சொன்னாள்:

"ஒண்ணுமில்ல ராசா. நல்லா பேசுறாருல்ல? தெனமும் இந்த நேரத்துக்குப் போடு. அப்பாகிட்டப் பேசு."

போனை வைத்தாள். ஹுஸ்னா கொண்டுவந்த தூக்கில் கஞ்சி இருந்தது, சூடாக, உப்புப் போட்டு, துளி நெய் விட்டு. தேவராஜ் கையை நீட்டினான்.

"பசிக்குது பாமா. எவ்வளவு நாளாச்சு இந்த மாதிரி பசிச்சு."

அவள் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியில் அள்ளி ஊதி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். கண்ணில் அதே குறும்பு. கரண்டியை அவள் கையிலிருந்து வாங்கி அவள் வாய்ப் பக்கம் திருப்பினான்.

"இனிமே உன் கையால எதுவும் நான் மொதல்ல திங்கிறதா இல்ல. நீ தின்னு. அப்புறம் நான்."

வெளியே உச்சி வெயில். விளக்கு வைக்க இன்னும் அரைப் பொழுது கிடக்கிறது. கையில் மஞ்சள் காப்பு ஈரம் காயாமல் இருந்தது. அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கஞ்சி ஒரு சொட்டுப் போர்வையில் விழுந்தது.

சத்யபாமா வாயைத் திறந்தாள்.